உப்பு வெளிச்சத்தில் முகம்

முழங்கை நீளம் இருந்தது அந்த லென்ஸ். தளவாய் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணுக்கு நேரே பிடித்ததும், எதிர்ச்சாரியில் மாவு வீசிக்கொண்டிருந்த பரோட்டா மாஸ்டரின் மூக்கு நுனியில் தொங்கிய வேர்வைத்துளி அவர் மடியிலேயே விழப்போவதுபோல் கிட்டே வந்தது. அடேயப்பா என்றார் வாய்க்குள். நடுவில் ஒரு பஸ் போனது, அதன் ஜன்னல் கம்பி, கம்பியைப் பிடித்திருந்த ஒரு பெண்ணின் பிளாஸ்டிக் வளையல், வளையலில் ஒட்டியிருந்த மஞ்சள்பொடி வரை தெரிந்தது. இது போதும், இதுதான் வேணும். உப்பளத்துக் கேட்டுக்கு வெளியே தார்ச்சாலை, சாலைக்கு இந்தப்பக்கம் உடைமர நிழல், அங்கே நின்றால் முதல் பாத்தி இருநூறு கஜம் இருக்குமா, இருக்கட்டுமே, கணக்கப்பிள்ளை கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே நாற்காலி போட்டு உட்காரட்டும், நான் இங்கிருந்தே இருபத்துமூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன். நாற்பத்தோரு வருஷமாகச் சங்கத்துக்காகப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பேசியவன். மைக் பறித்தார்கள், மைக் இல்லாமல் பேசினான். சத்தத்துக்குச் சுவர் கிடையாது என்று அந்தக் காலத்தில் ஒரு பிரசுரத்தில் எழுதியிருந்தார், அச்சகத்துக்காரரே படித்துவிட்டு நல்லா இருக்கு தோழர் என்றார். இப்போது கண்ணுக்கும் சுவர் கிடையாது. லென்சின் வளையத்தைத் திருகினார், மாஸ்டரின் மூக்கு மங்கிப் பின்னாலிருந்த விலைப்பட்டியல் தெளிந்தது. கை லேசாக நடுங்கியதும் பட்டியல் முழுக்க ஊஞ்சலாடியது. கனம், வேறொன்றுமில்லை, காலையில் ஒரு டீயும் ரெண்டு வடையும்தான் சாப்பிட்டிருக்கிறோம். முதுகுக்குப் பின்னால் கேமராக்கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வடிவு, "என்ன அண்ணாச்சி, பரோட்டாக்கடையவே வெலைக்கு வாங்கிருவிய போலுக்கே," என்றாள்.

அவள் முழுப்பெயர் சுடலைவடிவு. பதினான்கு வயதிலிருந்து அதே அளத்தில் உப்பு வாருகிறவள், இப்போது நாற்பத்தாறு. ஆனால் அளத்துக்காரன் விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறான், இப்படி ஒருத்தி எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்று. அவளை மட்டுமல்ல, செல்லக்கனி, அந்தோணியம்மாள் என்று இருபத்துமூன்று பேரையும். மஸ்டரில், வருகைப் பதிவேட்டில், பெயர் இல்லையாம். பெயர் எழுதாத மஸ்டரை வைத்துக்கொண்டு பெயர் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள். வருகிற வியாழக்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் கடைசி விசாரணை, அதற்குள் அவர்கள் அந்த அளத்தில் வேலை பார்ப்பதைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. வியாழன் தாண்டினாலும் பிரயோசனமில்லை, புரட்டாசி முடிகிறது, ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியெல்லாம் குளம், உப்பும் இல்லை, ஆளும் இல்லை, படமெடுக்க ஒரு காக்கைகூட இருக்காது. போன மாதம் ஒருதரம் காட்டியாயிற்று. தளவாயே உள்ளே நுழைந்து தன் போனில் எடுத்த வீடியோ. அதை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் போட்டதும் வெள்ளைவெளேரென்ற உப்பும், அதன்மேல் கரிக்கட்டைகள்போல் சில உருவங்களும் வந்தன. விசாரணை அதிகாரி, முப்பது வயதுகூட இராத அம்மாள், திரையைப் பார்த்தார், வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார், இதுல நீங்க எது என்று கேட்டார். எது. யார் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் போதாதா, அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதி மறுநாளே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாயிரம் பிரதி. "வெயிலில் உழைப்பவரை இருட்டில் தள்ளும் அதிகாரியே, பதில் சொல்!" அளத்துக்காரனுக்கு விலைபோன அலுவலகம், தெளிவான ஆதாரத்தைக் கறுப்பாக்கிய சதி, கீழே இவண் என்று போட்டு தளவாய். மிச்சம் ஒரு கட்டு இன்னும் தோளில் தொங்கும் ஜோல்னாப்பையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவருக்கு எழுத்து வந்ததே பிரசுரங்களில்தான். பசைவாளி தூக்கிக்கொண்டு சுவர்சுவராக ஒட்டப்போன வயதில் ஒட்டிய தாளையே ஒவ்வொரு எழுத்தாய்த் தடவிப் படித்தவர். பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் சங்கத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் ஒப்பந்தக்காரர்களாகி வெள்ளைக்காரில் போகிறார்கள். எழுதியது எழுதியதுதான். ஆனால் அந்த அம்மாள் கேட்டபிறகு இன்னும் ஏதோ சொன்னாரே. கோப்பை மூடிக்கொண்டே ஒரு வரி. அந்த வரி வரும்போதெல்லாம் தளவாயின் மனம் காலில் முள் பட்டதுபோல் வேறுபக்கம் எட்டு வைத்துவிடும்.

"அது வேண்டாம் அண்ணாச்சி," என்றான் மெல்கியாஸ். கடைக்காரன். இருபது வருஷமாகக் கலியாணவீடுகளில் வீடியோ எடுப்பவன், பழைய கேமராக்களை வாங்கித் துடைத்துச் சரிபண்ணி விற்பவன், மோதிரவிரலில் மாதா படம் போட்ட மோதிரம். ஏன் வேண்டாம்? "மண்டபத்துக் கடைசியில நின்னு தாலி கட்டுறத எடுக்க இது ராசா. உப்பளத்துல எட்டு மணிக்கு மேல காத்து நெளியும் பாத்திருக்கீயளா? தூரத்துல நிக்கிற ஆளு தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி ஆடுவாங்க. லென்ஸ் பெருசாகப் பெருசாக ஆட்டமும் பெருசாகும். ஒரு வெளம்பரத்துக்கு எடுக்கப் போயி நான் பட்ட பாடு அந்தோணியாருக்குத்தான் தெரியும்." தளவாய் லென்சைக் கீழே வைக்கவில்லை. இவன் எதற்குத் தடுக்கிறான்? வியாபாரி. வியாபாரி ஒன்றை வேண்டாம் என்றால் இன்னொன்றில் லாபம் கூட. அவனுக்கும் அளத்துக்காரனுக்கும் பழக்கமிருக்கும், அளத்துக்காரன் மகள் கலியாணத்தை இவன்தான் எடுத்திருப்பான். ஆனால் மெல்கியாஸ் கண்ணாடிப்பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தது பெரிய லென்சின் விலையில் கால்பங்குகூட வராத ஒரு குட்டி லென்ஸ், எலுமிச்சம்பழ அளவு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கேமராவின் முகத்தில் அதைத் திருகி மாட்டினான். விலை கூடியதை வேண்டாம் என்று விலை குறைந்ததை நீட்டுகிற வியாபாரியைப் பற்றி அவர் படித்த எந்தப் பிரசுரத்திலும் இல்லை. அதனால் அவருக்கு எரிச்சல்தான் கூடியது. "இத வச்சி நான் கேட்டுக்கு வெளிய நின்னு என்னத்தப்பா எடுக்க, கேட்டையா?" "வெளிய நின்னு எடுக்க முடியாது அண்ணாச்சி. முப்பத்தஞ்சு எம்எம் லென்சு இது. கண்ணு பாக்குற அளவுதான் பாக்கும். நாலு எட்டு தள்ளி நிக்கணும். ஆனா வெளிச்சம் நுழையுற ஓட்டை பெருசு, காலம்பற அஞ்சரைக்கு இருக்குற அரைவெளிச்சத்துலயும் மூஞ்சி தெரியும். நீங்க வச்சிருக்கியளே, அது அந்நேரத்துக்குக் குருடு."

நாலு எட்டு. கேட்டுக்கு உள்ளே, பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே வரப்பில். அங்கே தளவாய் போகமுடியாது. போன மாதம் போனதற்குப் பிறகு கேட்டில் அவர் போட்டோவையே ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள், அதைக் கேட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெண்கள் போனைக் கொண்டுபோகவும் தடை, வாசலில் கணக்கப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து எல்லாப் போனையும் அதில் போடச்சொல்லி வாங்குகிறான். போனைத்தான் கேட்பான், சோத்துவாளியைத் திறந்து பார்க்கமாட்டான். இந்த எலுமிச்சம்பழம் சோத்துவாளிக்குள் போகும். போகும்தான். அப்படியானால் எடுப்பது யார்? இந்தக் கேள்வியைத் தொட்டதும் தளவாயின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பெரிய லென்ஸ் என்றால் நான், குட்டி லென்ஸ் என்றால் அவர்கள். நாற்பத்தோரு நாள் பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தபோதும் வெளியே சங்கம் என்ன செய்யவேண்டும் என்று பீடிக்கட்டுத் தாளில் எழுதி அனுப்பியவன் நான். பேசியவன் நான், எழுதியவன் நான், முன்னால் போய் அடி வாங்கியவன் நான், ஒருநாளாவது பின்னால் நின்றிருக்கிறேனா? போன வாரம் கூட்டத்தில் பேசும்போது ஒரு சொல் வரவில்லை. சாதாரணச் சொல், இன்சூரன்சுக்குச் சொல்கிற ஈட்டுறுதி. தொண்டை வரைக்கும் வந்து நின்றது, நானூறு தடவை சொன்ன சொல், எதிரே செல்லக்கனி காத்துக்கொண்டிருந்தாள், அவளே எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், வீட்டுக்கு நடக்கையில் அந்தச் சொல்லை மந்திரம்போல் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றாய்ப் போகும். முதலில் சொல், பிறகு பல், பிறகு கை நடுக்கம், பரோட்டாக்கடை விலைப்பட்டியல் ஊஞ்சலாடியதே அதுபோல. அதற்குமேல் ஒரு மாலை, ஒரு செவ்வணக்கம், நாலு பேர் பேசிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

"முன்ன எடுத்த வீடியோ இருக்கா? பாத்தாத்தான் எந்த இடத்துல கோளாறுன்னு தெரியும்," என்றான் மெல்கியாஸ். கோளாறா, கோளாறு அதிகாரியிடம் என்று தளவாய் சொல்லவாரம்பிக்கும் முன்பே வடிவு, "காட்டுங்க அண்ணாச்சி, அவுகளும் பாக்கட்டும்," என்றாள். போனை எடுத்து நீட்டினார். மெல்கியாஸ் ஒரு நிமிஷம் பார்த்தான், தலையை ஆட்டினான், சிரிக்கவும் செய்தான், கேலிச்சிரிப்பு இல்லை, தெரிந்த நோவைத் தொட்டுப் பார்த்த வைத்தியன் சிரிப்பு. "இதுக்குத்தான் எங்க சனங்க எங்கிட்டச் சண்டைக்கு வருவாங்க. கோயில்ல பொண்ணு வெள்ளைக் கவுன் போட்டு, தலைக்கு வெள்ளை முக்காடு போட்டு, கையில வெள்ளைப் பூவோட வந்து நிக்கும். ஆட்டோவுல வச்சி அது இஷ்டத்துக்கு விட்டு எடுத்தா கேமரா என்ன நெனைக்கும், அய்யோ எம்புட்டு வெளிச்சம்னு நெனைச்சிப் படம் பூராவையும் இருட்டாக்கிரும். கவுன் நல்லா வரும், பொண்ணு மூஞ்சி அடுப்புக்கரி. பொண்ணப் பெத்தவ என் பொண்ணு கறுப்பாடேன்னு வருவா. உப்பு என்ன, ஒரு ஏக்கர் கவுனு. அதும்போக வெயிலப் பாத்து நின்னு எடுத்திருக்கு. ஆரு எடுத்தது?" மின்விசிறி சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் கட்டென்று சத்தம் போட்டது, அடுத்த சுற்றில் மறுபடி கட். "மேல லென்ஸ் மூடி மாதிரி இந்தக் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கிடுங்க, நான் சும்மாவே தாரேன். வெயில் ஏறுன பெறவு இதுக்கும் கண் கூசும்லா," என்று ஒரு வட்டக் கண்ணாடியைத் துடைத்து வைத்தான். கேமராவுக்குக் கூலிங்கிளாஸ். இருபது வருஷமாகக் கோரிக்கைப் பட்டியலில் ஏழாவது வரி அது, உப்பளப் பெண்களுக்குக் கண்ணாடி வழங்கு. ஏழாவது வரி ஏழாவது வரியாகவே இருக்கிறது, செல்லக்கனிக்கு ஒரு கண் போயேவிட்டது. தளவாய் அந்தக் கோபத்தைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வந்தால் நன்றாயிருக்கும், கோபம் வந்தால் அதன் பின்னால் நின்றுகொள்ளலாம். கோபம் வரவில்லை. அதற்குப் பதில் வீடியோ எடுத்த அன்றைய காலை ஒன்பது மணி வந்தது. அளத்து ஆபீஸ் கொட்டகை, அதன் நெற்றியில் பெயர்ப்பலகை, பலகையும் பெண்களும் சேர்ந்து விழவேண்டும், அதுதான் அசைக்கமுடியாத ஆதாரம் என்று தானே யோசித்து, தானே மெச்சிக்கொண்டு, கொட்டகைக்கு எதிரே மேற்கே நின்றார். கொட்டகை கிழக்கே. கொட்டகைக்கு மேலே சூரியன். உப்பு வாரும் பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்த வடிவு அப்போது ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? கட், என்றது மின்விசிறி. வெயிலுக்கு எதிர்த்தாப்புல நிக்கீயளே அண்ணாச்சி, எங்க மூஞ்சி தெரியுமா? அதுதான் சொன்னாள். நீ வேலையைப் பாரும்மா, வீடியோவை நான் பாத்துக்கிடுதேன். அதுதான் நான் சொன்னேன்.

முள் குத்திய இடம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வெளியே வந்துவிடுகிறது. அந்த அதிகாரி அம்மாள் கோப்பை மூடிக்கொண்டே சொன்ன வரியும் வந்தது. முகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வாங்கய்யா, நான் ஏத்துக்கறேன், நாள் வேணா தள்ளிப் போடறேன். நாள் தள்ளிப்போட்டதே அவர்தான். அந்த வரியைத் தளவாய் பிரசுரத்தில் எழுதவில்லை, அலுவலகத்துக்கு வெளியே காத்திருந்த பெண்களிடம் சொல்லவில்லை, தன்னிடமேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் பிரதி. பஸ் நிலையத்தில், மீன் மார்க்கெட்டில், தொழிலாளர் அலுவலக வாசலிலேயே நின்று கொடுத்தார். யாரோ ஒருவர் அதைக் கொண்டுபோய் அந்த அம்மாள் மேசையில் வைத்திருப்பார். வியாழக்கிழமை அவர் எதிரே போய் எந்த முகத்தோடு நிற்பது? அவர் கோபத்தில் மனுவைத் தள்ளிவிட்டால்? இருபத்துமூன்று பேர் முகத்தையும் சேர்த்து என் வாயால் அழித்ததாக ஆகுமே. சதி என்று எவ்வளவு சுளுவாக எழுதுகிறது கை. எதிரில் நிற்பவன் எப்போதும் பெரியவன், எப்போதும் தந்திரக்காரன், நாம் எப்போதும் சரி. அப்படித்தான் இருந்தது பெரும்பாலும், பொய்யில்லை, அடித்தார்கள், பொய்வழக்குப் போட்டார்கள். ஆனால் ஒருதரம்கூட நாம் வெயிலைப் பார்த்து நின்றதாக இருக்கக் கூடாதா? பெரிய லென்ஸ் இன்னும் இடது கையில் இருந்தது. அதைக் கண்ணாடிப்பெட்டிமேல் குழந்தையை இறக்குவதுபோல் இறக்கி வைத்தார், கை லேசாகிவிட்டது, நடுக்கமும் நின்றது, கனத்தால்தான் நடுங்கியிருக்கிறது, பாதியாவது கனத்தால்தான். "எம்மா வடிவு," என்றார், குரல் கூட்டத்துக் குரலாக வந்தது, தணித்துக்கொண்டார். "அந்த நோட்டீஸ்ல நான் எழுதினது தப்பு. அந்த அம்மா ஒண்ணும் கறுப்பாக்கல. தப்பு எம்மேல. நீ அன்னைக்கே சொன்ன."

வடிவு அவரைப் பார்த்தாள். உப்பில் கிடந்து கிடந்து சுருங்கிய கண்கள், வீட்டுக்குள்கூடப் பாதி மூடியே இருக்கும். "தெரியும் அண்ணாச்சி. மூஞ்சி தெரியுற மாரி எடுத்துட்டு வாங்கன்னு அந்தம்மா சொன்னது வாசல்ல நின்ன எனக்கும் கேட்டுச்சு. அதான் நீங்க குடுக்கச் சொன்ன கட்ட நான் யாருக்கும் குடுக்கல." "குடுக்கலையா?" "ஐநூறும் வீட்டுலதான் கெடக்கு." மெல்கியாஸ் கேமராவைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். தளவாய்க்கு ஒரு நொடி பொசுக்கென்று பழைய கோபம் எட்டிப்பார்த்தது, கட்டுப்பாடு என்று ஒன்று உண்டா இல்லையா, சங்கம் கொடுத்த நோட்டீசை. அடுத்த நொடியே, ஐநூறு பேர் படிக்கவில்லை, ஐநூறு பேர் படிக்கவில்லை என்று உள்ளே யாரோ கும்மியடித்தார்கள். "கேட்டிருக்கலாம்லா எங்கிட்ட?" "நீங்க மைக் இல்லாமலே பேசுவிய, நடுவுல நான் எங்க பூந்து கேக்க?" என்றாள் வடிவு. மெல்கியாஸுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமினான். தளவாயும் சிரித்தார், செல்லக்கனி சொல் எடுத்துக் கொடுத்தபோது சிரித்த சிரிப்பைவிட இது நல்ல சிரிப்பு என்று அவருக்கே தோன்றியது. பிறகு அந்தக் குட்டிக் கேமராவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கி, முட்டையை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆட்டோவுல வைக்காதீய அக்கா, இந்தச் சக்கரத்த இந்தப்பக்கம் தள்ளுனா மூஞ்சி வெளுக்கும். உப்பு வெளுத்துத் தீஞ்சாலும் பரவால்ல, மூஞ்சி முக்கியம்," என்று மெல்கியாஸ் காட்டினான். "எம்புட்டு மணிக்கு எடுக்கணும்?" "நீங்கதான் சொல்லணும், உங்க அளம்." வடிவு யோசித்தாள். "ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவுல எடுக்கலாம். வெயிலு சாஞ்சு விழும், பாத்தித் தண்ணியில பட்டுக் கீழயிருந்தும் மூஞ்சியில அடிக்கும். எட்டு ஆச்சின்னா கண்ணத் தொறக்க ஏலாது, ஒருத்திய ஒருத்தி நடையப் பாத்துத்தான் கண்டுக்கிடுவோம்." மெல்கியாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இருவது வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன் அக்கா, இத எனக்கு ஆரும் சொல்லல."

இதை நானும் கேட்டதில்லை, என்று நினைத்துக்கொண்டார் தளவாய். நாற்பத்தோரு வருஷம் உப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன், உப்பு எத்தனை மணிக்கு என்ன வெளிச்சம் தரும் என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. நடையைப் பார்த்துக் கண்டுக்கிடுவோம். அந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்திருந்தால் போதாதா, சதியும் வேண்டாம், ஆச்சரியக்குறியும் வேண்டாம். "கலரு சரிபண்ண ஒரு வெள்ளைத்தாள் வேணும், பில்புக்கு எல்லாம் மஞ்சத்தாளா கெடக்கு," என்றான் மெல்கியாஸ். தளவாயின் கை ஜோல்னாப்பைக்குள் போயிற்று, போய் அந்தக் கட்டின்மேல் தயங்கி நின்றது. அதற்குள் வடிவு தன் பையிலிருந்து சில தாள்களை உருவினாள். அதே நோட்டீஸ். பின்பக்கம் வெற்றாக இருக்குமே, முதல் தாளில் அங்கே கொட்டை எழுத்தில், கரியால் கோணல்மாணலாக, அந்தோணியம்மாள் என்று எழுதியிருந்தது. அடுத்த தாளில் பத்திரகாளி. அதற்கடியில் செல்லக்கனி. "ஆளுக்கொண்ணு எழுதி வச்சிருக்கேன். மூஞ்சிக்குக் கீழ பேரப் புடிச்சிட்டு நின்னா, இதுல நீ எதுன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாகல்லா." "எழுத்து இல்லாததா வேணுமே அக்கா," என்றான் மெல்கியாஸ். தளவாய் பைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். வெள்ளைப்பக்கத்தை வெளியே திருப்பி மார்பின்மேல் பிடித்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து விழுந்த நாலுமணி வெயிலுக்கு முகத்தைக் காட்டி நின்றார், இந்தமுறை சரியான பக்கம். அச்சடித்த பக்கம் அவர் சட்டையோடு ஒட்டியிருந்தது. "கொஞ்சம் கீழ எறக்குங்க, தாடிய மறைக்கி," என்றாள் வடிவு, கேமராவைப் பிடித்தபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு. இறக்கினார். "தெரியுதா?" "தெரியுது. நெத்தித் தழும்புகூடத் தெரியுது." மெல்கியாஸ் எட்டிப் பார்த்து, "சத்தமும் பாத்துருவோம், ஏதாவது பேசுங்க அண்ணாச்சி," என்றான்.

பேசுங்க. வாயைத் திறந்தார், உழைக்கும் தோழர்களே என்று நாற்பத்தோரு வருஷம் தானாக வந்து நிற்கும் அது வந்து நின்றது, அதைக் கொஞ்சம் தள்ளி உட்காரச்சொன்னார். ஒரு கையில் வெள்ளைத்தாள், மற்றக் கையை நீட்டினார், வடிவுக்கு விளங்கியது, பையிலிருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். பசைவாளிக் காலத்தில் சுவரில் தடவியதுபோல ஒவ்வொரு எழுத்தாய். "அந்தோணியம்மாள்," என்றார். கேமராவின் சின்னத் திரையில் ஒரு பச்சைக்கோடு எழும்பித் தணிந்தது. "பத்திரகாளி." கோடு எழும்பியது. "நல்லா வருது, மேல," என்றான் மெல்கியாஸ். "செல்லக்கனி. முத்துப்பேச்சி. லூர்தம்மாள்." குரலை உயர்த்தவில்லை, உயர்த்த வேண்டியிருக்கவில்லை, நாலு எட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள் வடிவு. மின்விசிறி கட் என்றது, எதிர்ச்சாரியில் மாவு கல்லில் அறைந்தது, ஒரு பெயரும் தொண்டையில் நிற்கவில்லை. இருபத்திரண்டு தாள் முடிந்ததும் கையில் வேறு தாள் இல்லை. "உம்பேரு எங்க?" என்று கேட்டார். "எம்பேர எழுதல அண்ணாச்சி, நான் தான எடுக்கப்போறேன், நான் எப்படிப் படத்துல வருவேன்?" தளவாய் மார்பிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்துக் கண்ணாடிப்பெட்டிமேல் விரித்தார், மெல்கியாஸின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். சுடலைவடிவு என்று எழுதினார், எழுத்துக்கு மேல் எழுத்தை இரண்டு தரம் ஓட்டித் தடித்தமாக்கினார். எழுதிவிட்டு, "அங்க அளத்துல உன் முறை வரும்போது கேமராவச் செல்லக்கனிகிட்டக் குடு ஒரு நிமிசம். அவ எடுப்பா," என்றார். வடிவு தாளை வாங்கி, மை காயட்டும் என்று ஜன்னல் வெயிலில் விரித்துப் பிடித்தாள்.